கடிதத்தால் போன பதவி, தீர்ப்பால் வந்த பதவி: ஸ்டீபன் காலோங் நிங்கானின் வாழ்க்கை

தஞ்சோங் ரம்புத்தான் – தம்புன் நாடாளுமன்றத் தொகுதியில், உலு கிந்தா சட்டமன்றத் தொகுதிக்குள் இருக்கும் இந்தச் சிறு பட்டணத்து வாக்காளர்கள் சில ஆண்டுகளுக்குள்ளேயே இரண்டு பெரிய மாற்றங்களைப் பார்த்துவிட்டார்கள். 2018-இல் தம்புன் தேர்ந்தெடுத்த நாடாளுமன்ற உறுப்பினர் பேராக் மந்திரி பெசாராகவும் ஆனார். 2020 டிசம்பரில் சட்டமன்ற வாக்கெடுப்பில் அவர் பதவி இழந்தார். 2022 நவம்பரில் இதே தொகுதி டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிமைத் தேர்ந்தெடுத்தது. தேர்தல் முடிந்து 5 நாளில் அவர் நாட்டின் 10-ஆவது பிரதமராகப் பதவி ஏற்றார்.

ஒரு பிரதமரையோ மந்திரி பெசாரையோ முதலமைச்சரையோ பதவியிலிருந்து இறக்க யாருக்கு உரிமை இருக்கிறது? மன்னருக்கா, ஆளுநருக்கா, கட்சித் தலைவருக்கா, சட்டமன்றத்துக்கா? பெரும்பான்மை போய்விட்டது என்பதை எங்கே, எப்படி எண்ணுவது? மலேசியாவில் இந்தக் கேள்வியை முதன்முதலாக நீதிமன்றப் படியேற்றியவர் சரவாக்கின் முதல் முதலமைச்சர் ஸ்டீபன் காலோங் நிங்கான். தீபகற்பத்தில் இன்று அவர் பெயரை அறிந்தவர்கள் குறைவு. ஆனால் 2009-இல் ஈப்போவில் ஆட்சி கைமாறியபோது, இரு தரப்பு வழக்கறிஞர்களும் அவருடைய வழக்கைத்தான் எடுத்து வைத்து வாதாடினார்கள்.

கிராணி, போலீஸ், ஆசிரியர், டிரெஸர்

நிங்கான் 1920 ஆகஸ்ட் 20-ஆம் நாள் சரவாக்கின் பெத்தோங்கில் பிறந்தார். சாரிபாஸ் ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த ஈபான் குடும்பம். அப்போது சரவாக்கை ஆண்டவர்கள் வெள்ளைக்கார ராஜாக்களான புரூக் வம்சத்தினர். நீண்ட வீடுகளில் கூட்டாக வாழ்ந்த ஈபான் மக்களில் பள்ளிக்கூடம் போனவர்கள் அன்று சிலர்தான். பெத்தோங்கில் கிறிஸ்துவ மிஷன் நடத்திய செயின்ட் அகஸ்டின் பள்ளி நிங்கானுக்கு ஆங்கிலக் கல்வியைக் கொடுத்தது.

படிப்பு முடிந்ததும் அவருக்குக் கிடைத்த முதல் வேலை ரப்பர் நிதி அலுவலகத்தில் கிராணி உத்தியோகம். பிறகு சரவாக் போலீஸ் படையில் சேர்ந்தார். போருக்குப் பின் தாம் படித்த அதே பள்ளியில் ஆசிரியராகச் சில ஆண்டுகள் பாடம் நடத்தினார். 1950-இல் புரூணைக்குப் போய், கோலா பெலாயிட்டில் ஷெல் எண்ணெய் நிறுவனத்தின் மருத்துவமனையில் உதவியாளராகச் சேர்ந்தார். நம் தோட்டப்புறத்தில் டிரெஸர் என்று சொல்வோமே, கிட்டத்தட்ட அந்த வேலை. காயத்துக்குக் கட்டுப் போடுவது, மருந்து கொடுப்பது, டாக்டருக்கும் தொழிலாளிக்கும் நடுவில் நின்று பேசுவது. தோட்டத்தில் கிராணிக்கும் டிரெஸருக்கும் இருந்த மரியாதை நமக்குத் தெரியும். மேலிடத்து மொழியும் தெரிந்து, தொழிலாளியின் கஷ்டமும் தெரிந்தவர்கள் அவர்கள்.

சுமார் 10 ஆண்டுகள் அங்கே வேலை பார்த்த காலத்தில்தான் நிங்கான் பொது வாழ்க்கைக்கு வந்தார். எண்ணெய் வயல்களில் வேலைக்கு வந்திருந்த டாயாக் மக்களை ஒன்றுசேர்த்துச் சங்கம் அமைத்தார். அஞ்சல் வழியாக இங்கிலாந்துக் கல்லூரி ஒன்றில் சட்டம் படித்தார். வழக்கறிஞராகத் தொழில் செய்யவில்லை. ஆனாலும் ஒரு சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தாமே வாசித்துப் பார்க்கும் பழக்கம் அவரிடம் இருந்தது. பின்னாளில் அவருக்குக் கைகொடுத்தது இந்தப் பழக்கம்தான்.

முதல் முதலமைச்சர்

1961 ஏப்ரலில் சொந்த ஊரான பெத்தோங்கில் நண்பர்களுடன் சேர்ந்து சரவாக் தேசியக் கட்சியைத் தொடங்கினார். மக்கள் அதை ஸ்நாப் என்று அழைத்தார்கள். நிங்கான் அதன் தலைமைச் செயலாளரானார். மலாயாவுடன் சரவாக்கும் சபாவும் சிங்கப்பூரும் சேர்ந்து மலேசியா உருவாகும் பேச்சு அதே ஆண்டில்தான் எழுந்தது. சரவாக்கின் பல கட்சிகள் ஒன்றாகி, மலாயாவின் கூட்டணியைப் போலவே சரவாக் கூட்டணியை அமைத்தன.

1963 தேர்தலில் மக்கள் நேரடியாகச் சட்டமன்றத்துக்கு வாக்களிக்கவில்லை. மாவட்ட மன்றத்துக்கு வாக்களித்தார்கள். மாவட்ட மன்றம் வட்டார மன்றத்தையும், வட்டார மன்றம் நெகிரி மன்றத்தையும் தேர்ந்தெடுத்தன. நெகிரி மன்றம் என்பதுதான் சரவாக்கின் சட்டமன்றம். அதில் கூட்டணிக்குப் பெரும்பான்மை கிடைத்தது. 1963 ஜூலை 22-ஆம் நாள் நிங்கான் முதலமைச்சரானார். இரண்டு மாதம் கழித்து, செப்டம்பர் 16-இல் மலேசியா பிறந்தது.

அவருடைய ஆட்சி தொடக்கத்திலிருந்தே இழுபறியில் ஓடியது. மலேசியாவில் சேரும்போது சரவாக்குக்குக் கொடுக்கப்பட்ட உறுதிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து அவர் பேசினார். ஆங்கிலம் இன்னும் சில காலம் அதிகாரத்துவ மொழியாக நீடிக்கும் என்பது அந்த உறுதிகளில் ஒன்று. அதை விட்டுக்கொடுக்க அவர் மறுத்தார். பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள் தயாராகும் வரை அனுபவமுள்ள வெள்ளைக்கார அதிகாரிகளை வைத்துக்கொள்வதே நல்லது என்றும் நினைத்தார். இரண்டும் கோலாலம்பூருக்குப் பிடிக்கவில்லை. தேசிய மொழிக்குத் தடையாக இருக்கிறார், காலனிக்காரர்களை நம்புகிறார் என்ற குறை அவர்மீது விழுந்தது.

வீட்டுக்குள்ளும் சண்டை இருந்தது. 1965-இல் அவருடைய அரசு நில மசோதாக்களைக் கொண்டு வந்தது. சுதேசி மக்களின் நிலம் கைமாறிப் போய்விடும் என்று கூட்டணிக்குள்ளேயே எதிர்ப்புக் கிளம்பியது. ஆட்சி கவிழும் நிலை வந்ததும் மசோதாக்களை மீட்டுக்கொண்டார். கோபம் அத்துடன் ஆறிவிடவில்லை. நிங்கான் பிடிவாதக்காரர், யார் சொல்வதையும் கேட்பதில்லை என்று சொன்னவர்கள் எதிரிகள் மட்டுமல்லர். கூட்டணித் தோழர்களை அரவணைத்துப் போகும் பொறுமை அவரிடம் குறைவாக இருந்தது என்பதை அவருடைய வாழ்க்கையைப் படிப்பவர் யாரும் காணலாம்.

1966 ஜூன்: 21 கையெழுத்துகள்

1966 ஜூன் 12-ஆம் நாள் நிங்கான் தம் அமைச்சர்களில் ஒருவரான அப்துல் தாயிப் மாமுட்டைப் பதவி நீக்கினார். தமக்கு எதிராகச் சதி நடக்கிறது, அதில் தாயிப்புக்குப் பங்கு இருக்கிறது என்பது அவருடைய கணிப்பு. உடனே வேறு அமைச்சர்களும் விலகினார்கள். கூட்டணிக் கட்சிகளின் சட்டமன்ற உறுப்பினர்கள் ஒரு குழுவாகக் கோலாலம்பூருக்குப் பறந்தார்கள். நிங்கான் மீது நம்பிக்கை இல்லை என்று எழுதிய கடிதத்தில் 21 பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான், பதவி விலகும்படி நிங்கானைக் கேட்டுக்கொண்டார். நிங்கான் மறுத்தார்.

அடுத்து ஆளுநர் துன் அபாங் ஹாஜி ஓப்பெங்கிடமிருந்து ஜூன் 16-ஆம் நாள் கடிதம் வந்தது. சட்டமன்ற உறுப்பினர்களின் கடிதம் தமக்குக் கிடைத்திருப்பதாகவும், முதலமைச்சர் பெரும்பான்மையின் நம்பிக்கையை இழந்துவிட்டதால் பதவி விலக வேண்டும் என்றும் அதில் இருந்தது. நிங்கான் பணிவாகவே பதில் எழுதினார். நெகிரி மன்றக் கூட்டத்தில் தமக்கு எதிராக ஒரு தீர்மானமும் வரவில்லை, யார் யார் கையெழுத்திட்டார்கள் என்பதும் தமக்குக் காட்டப்படவில்லை, மன்றத்தைக் கூட்டி வாக்கெடுப்பு நடத்திப் பார்க்கலாம் என்பது அவர் நிலை. மறுநாள், ஜூன் 17-இல், அவரும் அவருடைய அமைச்சரவையும் பதவியில் இல்லை என்று ஆளுநர் அறிவித்தார். பெங்குலு தாவி ஸ்லி புதிய முதலமைச்சரானார்.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் அரசியல் மேடையில் புலம்பியிருப்பார்கள், அல்லது ஒரு தூதர் பதவியை வாங்கிக்கொண்டு அடங்கியிருப்பார்கள். நிங்கான் சரவாக் அரசியல் சட்டப் புத்தகத்தை எடுத்தார். ஆளுநரையும் தாவி ஸ்லியையும் பிரதிவாதிகளாக்கிக் கூச்சிங் உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்.

நீதிமன்றம் சொன்னது

வழக்கின் மையம் ஒரு சில வரிகள். முதலமைச்சர் சட்டமன்றப் பெரும்பான்மையின் நம்பிக்கையை இழந்தால், மன்றத்தைக் கலைக்கும்படி அவர் கேட்டு அது நடந்தாலொழிய, அமைச்சரவையின் பதவி விலகலை அவர் ஒப்படைக்க வேண்டும் என்று சரவாக் அரசியல் சட்டம் சொல்கிறது. மற்ற அமைச்சர்கள் ஆளுநரின் விருப்பத்துக்கு உட்பட்டுப் பதவி வகிப்பவர்கள் என்றும் சொல்கிறது. ஆனால் அந்தப் பட்டியலில் முதலமைச்சர் சேரவில்லை. பதவி விலக வேண்டிய கடமை எழுதியிருக்கிறது. நீக்கும் அதிகாரம் எழுதப்படவில்லை.

1966 செப்டம்பர் 7-ஆம் நாள் நீதிபதி ஹார்லி தீர்ப்பளித்தார். நம்பிக்கை போய்விட்டது என்பதை மன்றத்துக்குள் நடக்கும் வாக்கெடுப்பில்தான் காட்ட முடியும் என்றார். நெகிரி மன்றத்தின் உறுப்பினர்கள் 42 பேர். கையெழுத்துப் போட்ட 21 பேர் சரிபாதிதான், பெரும்பான்மை அல்லர். மேலும், கடிதத்தில் கையெழுத்துப் போடுவது ஒன்று, எல்லாரும் பார்க்க மன்றத்தில் எழுந்து வாக்களிப்பது வேறு. கையெழுத்திட்டவர் மன்றத்தில் விவாதத்தைக் கேட்டபின் மனம் மாறலாம். முதலமைச்சருக்குப் பதில் சொல்லவோ கலைப்புக் கேட்கவோ போதிய அவகாசமும் கொடுக்கப்படவில்லை. ஆளுநருக்கு நீக்கும் அதிகாரம் இருப்பதாகவே ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும், மன்றத்தில் தோற்று, விலகவும் மறுத்து, கலைப்பும் கேட்காமல் ஒருவர் உட்கார்ந்திருந்தால்தான் அது எழும் என்பது தீர்ப்பின் சாரம்.

எதிர்த்தரப்பு நைஜீரியாவிலிருந்து ஒரு முன்னுதாரணத்தைக் கொண்டு வந்தது. அங்கே 1962-இல் மேற்கு மாநில முதல்வர் அகிந்தோலாவை ஆளுநர் உறுப்பினர்களின் கடிதத்தை வைத்தே நீக்கியதை லண்டன் பிரிவி கவுன்சில் சரியென்று ஏற்றிருந்தது. நைஜீரியச் சட்டத்தின் வாசகம் வேறு, சரவாக் சட்டத்தின் வாசகம் வேறு என்று சொல்லி ஹார்லி அதை ஒதுக்கினார். ஜூன் 17-ஆம் நாள் நீக்கம் செல்லாது என்றாயிற்று. நிங்கான் மீண்டும் முதலமைச்சர்.

17 நாள் முதலமைச்சர்

வெற்றி நீடித்தது 17 நாள்தான். சட்டமன்றத்தைக் கலைத்து மக்களிடம் போகத் தயார் என்றார் நிங்கான். மத்திய அரசு வேறு கணக்குப் போட்டது. செப்டம்பர் 14-ஆம் நாள் சரவாக்கில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அரசியல் குழப்பத்தைக் கம்யூனிஸ்டுகள் பயன்படுத்திக்கொள்வார்கள் என்பது அரசு சொன்ன காரணம். இந்தோனேசியாவுடனான மோதல் ஒரு மாதத்துக்கு முன்பு, ஆகஸ்ட் 11-இல்தான் ஒப்பந்தத்தில் முடிந்திருந்தது.

சாதாரண நாளில் சரவாக்கின் அரசியல் சட்டத்தைத் திருத்த அந்த மாநிலச் சட்டமன்றத்திலேயே மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். அவசரகாலத்தில் கூட்டரசு அரசியல் சட்டத்தின் 150-ஆவது பிரிவு நாடாளுமன்றத்துக்குக் கூடுதல் அதிகாரம் தருகிறது. அதைக்கொண்டு செப்டம்பர் 19-இல் நாடாளுமன்றம் கூடி ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. முதலமைச்சரின் ஆலோசனை இல்லாமலே சட்டமன்றத்தைக் கூட்டவும், நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் தோற்று விலக மறுக்கும் முதலமைச்சரை நீக்கவும் ஆளுநருக்கு அதில் அதிகாரம் கொடுக்கப்பட்டது. அந்த நாடாளுமன்றத்தில் சுங்கை சிப்புட்டின் வீ.தி. சம்பந்தன் அமைச்சர் வரிசையில் இருந்தார். ஈப்போவின் டி.ஆர். சீனிவாசகம் எதிர்க்கட்சி வரிசையில் இருந்தார். தீபகற்பத்து உறுப்பினர்கள்தான் அந்த அவையில் பெரும்பான்மை. கூச்சிங்கில் யார் முதலமைச்சர் என்பதைத் தீர்மானிக்கும் சட்டம் கோலாலம்பூரில் இப்படித்தான் பிறந்தது.

நெகிரி மன்றம் கூட்டப்பட்டது. நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறியது. செப்டம்பர் 24-ஆம் நாள் நிங்கான் இரண்டாம் முறையாகப் பதவி இழந்தார். தாவி ஸ்லி திரும்பி வந்தார்.

நீதிபதி கேட்ட வாக்கெடுப்பு நடந்ததே, பிறகென்ன குறை என்று ஒருவர் கேட்கலாம். நிங்கானுக்குப் பெரும்பான்மை இல்லாமல் போனது உண்மையாகவே இருக்கலாம். அவருடைய ஆட்சேபம் வேறு இடத்தில் இருந்தது. விளையாட்டின் நடுவே விதியை மாற்றியது சரியா, முதலமைச்சரை மாற்றுவதற்காகவே அவசரகாலம் போடலாமா என்பதுதான் அவர் எழுப்பிய கேள்வி. மீண்டும் வழக்குப் போட்டார். கூட்டரசு நீதிமன்றத்தில் தோற்றார். அந்தக் காலத்தில் மலேசியர்களின் கடைசி மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சிலில். அங்கேயும் போனார். 1968 ஆகஸ்டில் அங்கேயும் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. அவசரகாலம் தவறான நோக்கத்தோடு அறிவிக்கப்பட்டது என்பதை நிங்கான் நிரூபிக்கவில்லை என்று கூறி மேல்முறையீட்டைத் தள்ளினார்கள்.

பதவிக்குப் பின்

ஸ்நாப் கூட்டணியை விட்டு வெளியேறி எதிர்க்கட்சியானது. 1969 நாடாளுமன்றத் தேர்தலில் சரவாக்கின் 24 இடங்களில் 9-ஐ வென்றது. கலவரத்தால் நிறுத்தப்பட்டு 1970-இல் முடிந்த சட்டமன்றத் தேர்தலில் 48 இடங்களில் 12-ஐப் பிடித்தது. நிங்கானைத் தள்ளிவிட்டால் அவருக்கு ஆதரவே இருக்காது என்று நினைத்தவர்களுக்கு அது பதிலாக அமைந்தது. ஆனாலும் ஆட்சி அவர் கைக்குத் திரும்பவில்லை. அவர் பதவி நீக்கிய தாயிப் மாமுட் 1981-இல் முதலமைச்சராகி 2014 வரை, 33 ஆண்டுகள் சரவாக்கை ஆண்டார். ஸ்நாப் 1976-இல் தேசிய முன்னணியில் சேர்ந்தது. நிங்கான் மெல்ல மெல்ல மேடையிலிருந்து ஒதுங்கினார். 1997-இல் காலமானார்.

ஈப்போவில் மீண்டும் நிங்கான்

அவர் இறந்து 12 ஆண்டு கழித்து, அவருடைய பெயர் ஈப்போவில் ஒலித்தது. 2008 தேர்தலில் பேராக்கில் மக்கள் கூட்டணி 59 இடங்களில் 31-ஐ வென்று டத்தோஸ்ரீ நிஜார் ஜமாலுடின் மந்திரி பெசாரானார். 2009 பிப்ரவரி தொடக்கத்தில் 3 சட்டமன்ற உறுப்பினர்கள் கூட்டணியை விட்டு விலகி, தேசிய முன்னணிக்கு ஆதரவு என்றார்கள். சட்டமன்றத்தைக் கலைக்கும்படி நிஜார் சுல்தானிடம் கேட்டார். மாட்சிமை தங்கிய சுல்தான் அஸ்லான் ஷா, முன்னாள் தலைமை நீதிபதியும்கூட, அதற்கு இணங்கவில்லை. பெரும்பான்மை தேசிய முன்னணியிடம் இருப்பதாக நேரில் விசாரித்து அறிந்து, நிஜாரைப் பதவி விலகச் சொன்னார். பிப்ரவரி 6-இல் டத்தோ ஸம்ரி அப்துல் காதிர் மந்திரி பெசாராகப் பதவி ஏற்றார். சட்டமன்றத்தில் வாக்கெடுப்பு நடக்கவில்லை.

அடுத்த மூன்று மாதம் பேராக் மக்களுக்கு மறக்காது. மார்ச் 3-ஆம் நாள் சபாநாயகர் வீ. சிவகுமார் தலைமையில் ஒரு தரப்பு உறுப்பினர்கள் அரசுச் செயலகத்துக்கு அருகே மரத்தடியில் சட்டமன்றம் கூட்டினார்கள். மே 7-இல் சிவகுமார் சபாநாயகர் இருக்கையிலிருந்து இழுத்து அகற்றப்பட்டார். ஆர். கணேசன் அந்த இருக்கையில் அமர்ந்தார். இரு பக்கமும் தமிழர் பெயர்கள் முன்னணியில் நின்ற நாள் அது. காப்பிக் கடைகளில் குடும்பங்களே இரண்டு பக்கமாகப் பிரிந்து பேசின.

மே 11-இல் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் நிஜார்தான் சட்டப்படி மந்திரி பெசார் என்றது. நிங்கான் தீர்ப்பைப் பின்பற்றி, நம்பிக்கை இழப்பைச் சட்டமன்றமே காட்ட வேண்டும் என்றது. மறுநாளே அந்தத் தீர்ப்புக்கு இடைக்காலத் தடை வந்தது. மே 22-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2010 பிப்ரவரி 9-இல் கூட்டரசு நீதிமன்றத்தின் 5 நீதிபதிகளும் ஒருமனதாக ஸம்ரிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்கள். பேராக் அரசியல் சட்டத்தில் வாக்கெடுப்புதான் ஒரே வழி என்று எழுதவில்லை, உறுப்பினர்கள் சுல்தானிடம் தெரிவிப்பது உட்பட வேறு வழிகளிலும் அது தெரியவரலாம், பெரும்பான்மை இழந்தவர் விலக மறுத்தால் பதவி காலியானதாகவே கொள்ளப்படும் என்பது தீர்ப்பு. 1966-இல் ஹார்லி ஒதுக்கிய நைஜீரிய வழக்கின் வழி 2010-இல் நம் நாட்டில் ஏற்கப்பட்டது. இன்று நிலவும் சட்டம் இதுதான்.

ஆனால் சட்டம் அனுமதிக்கும் வழி ஒன்றுக்கு மேல் இருக்கும்போது, எந்த வழியில் போவது என்பது தலைவர்கள் கையில் இருக்கிறது. 2020 டிசம்பர் 4-ஆம் நாள் மந்திரி பெசார் டத்தோஸ்ரீ அகமட் ஃபைசால் அஸுமு மீதான நம்பிக்கைத் தீர்மானம் சட்டமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 10, எதிர்ப்பு 48, செல்லாத வாக்கு 1. அன்றே கதை முடிந்தது. ஒரு வாரத்துக்குள் டத்தோஸ்ரீ சாரானி முகமட் பதவி ஏற்றார். மரத்தடிக் கூட்டமும் இல்லை, நீதிமன்ற வழக்கும் இல்லை. தோற்றவருக்கும் வென்றவருக்கும் மக்களுக்கும் எண்ணிக்கை கண் முன்னே இருந்தது.

பிரதமர் பதவிக்கும் இதே கேள்வி

கூட்டரசு அரசியல் சட்டத்தின் 43-ஆவது பிரிவு சரவாக் சட்டத்தின் வார்த்தைகளோடு ஒத்துப்போகிறது. மக்களவைப் பெரும்பான்மையின் நம்பிக்கையைப் பெறக்கூடியவர் என்று தம் கணிப்பில் தோன்றும் உறுப்பினரைப் பேரரசர் பிரதமராக நியமிக்கிறார். அந்த நம்பிக்கையைப் பிரதமர் இழந்தால், அவருடைய வேண்டுகோளின்படி நாடாளுமன்றம் கலைக்கப்பட்டாலொழிய, அமைச்சரவையோடு விலக வேண்டும். மற்ற அமைச்சர்கள் பேரரசரின் விருப்பத்துக்கு உட்பட்டவர்கள், பிரதமர் அப்படி அல்லர். இதுவரை எந்தப் பிரதமரும் மக்களவையில் நம்பிக்கையில்லா வாக்கெடுப்பில் வீழ்ந்ததில்லை. 2020 மார்ச்சிலும் 2021 ஆகஸ்டிலும் பிரதமர் மாறியபோது, ஆதரவு எண்ணப்பட்டது அரண்மனையில், நேர்காணல்களாலும் சத்தியப் பிரமாணப் பத்திரங்களாலும்.

நம்மைப் போன்ற நாடுகளில் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. இலங்கையில் 2018 அக்டோபர் 26-ஆம் நாள் அதிபர் சிறிசேன, பிரதமர் ரணில் விக்ரமசிங்கவை நீக்கி மகிந்த ராஜபக்சவை அமர்த்தினார். பிறகு நாடாளுமன்றத்தையும் கலைத்தார். தமிழர் தலைவர் இரா. சம்பந்தன் உள்ளிட்டோர் உச்ச நீதிமன்றம் போனார்கள். டிசம்பர் 13-இல் 7 நீதிபதிகளும் ஒருமனதாகக் கலைப்பு செல்லாது என்றார்கள். மூன்று நாளில் ரணில் திரும்பி வந்தார். நிங்கானைப் போலவே தீர்ப்பால் பதவி வந்தது. ஆனால் அங்கே விதியை மாற்றும் அளவுக்கு எதிர்த்தரப்பிடம் நாடாளுமன்றப் பலம் இல்லை. கூச்சிங்குக்கும் கொழும்புக்கும் இருந்த வேறுபாடு அதுதான்.

தோட்டத்திலிருந்து லாரியிலும் பஸ்ஸிலும் போய் வாக்களித்த தலைமுறைக்கும், இன்று தாமானிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய் வாக்களிக்கும் தலைமுறைக்கும் இதில் பங்கு உண்டு. வாக்காளர் தேர்ந்தெடுத்தவர் மன்றத்தில் எழுந்து நின்று யாருக்கு ஆதரவு என்று சொன்னால், ஊருக்குத் திரும்பும்போது அதற்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். மூடிய அறையில் காகிதத்தில் சொன்னால் அந்தக் கட்டாயம் குறைகிறது. 2022 அக்டோபர் 5-இல் கூட்டரசு அளவில் நடைமுறைக்கு வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம் இந்தக் குறையில் ஒரு பகுதியை அடைத்தது. கட்சி தாவும் நாடாளுமன்ற உறுப்பினர் இடத்தை இழப்பார். ஆனால் கட்சிகளே மொத்தமாகப் பக்கம் மாறுவதை அது தடுக்காது. நம்பிக்கையை எங்கே எண்ண வேண்டும் என்றும் அது சொல்வதில்லை.

நிங்கானைப் பதவியிறக்கப் போட்ட 1966-ஆம் ஆண்டு அவசரகால அறிவிப்பு அவர் வாழ்நாள் முழுவதும் விலக்கப்படாமல் ஏட்டிலேயே இருந்தது. 2011-இல்தான் நாடாளுமன்றம் பழைய அவசரகால அறிவிப்புகளை ரத்து செய்தது. அப்போது அவர் இறந்து 14 ஆண்டுகள் ஆகியிருந்தன. முதல் வழக்கில் அவருக்குக் கிடைத்த தீர்ப்பைச் சட்டக்கல்லூரி மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். ஒரு முதலமைச்சரோ மந்திரி பெசாரோ பிரதமரோ ஆட்டம் காணும்போதெல்லாம், பெத்தோங் டிரெஸரின் பெயர் மீண்டும் நீதிமன்றத்தில் படிக்கப்படுகிறது.